குவைத்துக்குப் போன மடக்கை அட்டவணை

போன வாரம் சிவப்புப் பேனா வாங்கப் பதுளை டவுனில் வழக்கமான புத்தகக் கடைக்குப் போனேன். தவணைப் பரீட்சை விடைத்தாள் ஒரு கட்டு மேசையில் கிடக்கிறது. வீட்டில் இருந்த பேனா பாதியிலேயே கையை விரித்துவிட்டது.

கடை முதலாளி ஹாஜியார் பேனாவை நீட்டினார். நீட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"டீச்சர்... குவைத்துக்கு அனுப்பணும்னு லாக் டேபிள் வாங்கிட்டுப் போனீங்களே. அந்தப் புள்ள படிச்சிச்சா?"

"படிச்சா ஹாஜியார்."

"பாஸாகிருச்சா?"

ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எந்தச் சொல்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவி வந்துவிட்டேன். ஹாஜியாருக்குச் சொல்லாததை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் தங்கை விஜி வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனபோது அவள் மகள் தர்ஷினி ஆறாம் தரத்தில் இருந்தாள். ஏன் போனாள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். நானும் அவளும் பிறந்து வளர்ந்த ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் இன்றைக்கு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவர் வெளிநாட்டில். விஜியின் கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போனார். அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். "ஒங்ககிட்ட இருந்தா படிப்பா அக்கா" என்று பிள்ளையை என் வீட்டில் விட்டுவிட்டு விஜி விமானம் ஏறினாள்.

நானோ கல்யாணம் செய்துகொள்ளாதவள். பதுளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன் — இதெல்லாம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குப் பழைய கதை. தர்ஷி வந்த பிறகு வீட்டில் ரிப்பன் காய்ந்தது, கதவு படார் என்று சாத்தப்பட்டது, சீப்பில் என் தலைமுடி அல்லாத முடி இருந்தது. இவ்வளவு நாளும் ஒரு வீட்டில் நான் மட்டும் எப்படி இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விஜி தினமும் பின்னேரம் வீடியோவில் வருவாள். அவள் வேலை செய்த வீட்டு மேடம் நல்ல மனுஷி. வேலைக்கு நடுவில் கொஞ்ச நேரம் கதைக்க விடுவார். ஆரம்பத்தில் தர்ஷி போனை என்னிடம் தரவே மாட்டாள். பிறகு... பிள்ளை வளர வளரப் பேச்சு குறுகிக்கொண்டே வந்தது.

"சாப்பிட்டியா தங்கம்?"

"ம்."

"என்னா சாப்பிட்ட?"

"சோறு."

"ஸ்கூல் எப்பிடி?"

"நல்லம்."

அதோடு போன் என் கைக்கு வந்துவிடும். இருமல் இருந்தது, மருந்து எடுத்தோம், சப்பாத்து கடிக்கிறது, புதுசு வாங்க வேண்டும் — மிச்சத்தையெல்லாம் நான்தான் வாசிப்பேன், வானொலிச் செய்தி மாதிரி.

இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று விஜிக்குச் சமாதானம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவளுக்கு என்மேல கோவமில்ல அக்கா. என்கிட்ட பேச அவளுக்கு ஒன்னும் இல்ல. எனக்கும் கேக்க ஒன்னும் தெரியல."

அப்படியிருக்க ஒரு நாள், "நாளைக்கு கணக்கு டெஸ்ட்" என்று தர்ஷி தானாகச் சொன்னாள். விஜி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா பாடம்?"

"மடக்கை."

"அப்பிடின்னா?"

"அது ஒங்களுக்கு வெளங்காதும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். விஜி சிரித்த முகத்தோடு அப்படியே திரையில் இருந்தாள். நெட்வொர்க் சிக்கலாக்கும், படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பாடசாலை இடைவேளையில் எனக்கு அழைப்பு.

"அக்கா, மடக்கைன்னா என்னா?"

தமிழ் டீச்சரிடம் கேட்டால் என்ன வரும்? மடக்குதல் என்றால் மடித்தல், மடங்கு என்றால் இத்தனை தரம் என்று ஆரம்பித்தேன்.

"அதில்ல அக்கா. கணக்குல."

கணக்கில் எனக்குத் தெரியாது. சாதாரண தரப் பரீட்சையில் அந்தக் கேள்வியைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனவள் நான். அதைச் சொன்னேன்.

"சரி. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

எட்டாம் தரத்தோடு பாடசாலையை விட்டவள் மடக்கையை எங்கே போய்ப் பார்த்துக்கொள்வாள்?

யூடியூப்பில். இஸ்திரி போடும்போது, கீரை ஆயும்போது, காதில் இயர்போன். நேரே மடக்கைப் பாடத்தைத் திறந்தாளாம், ஒரு சொல்கூடத் தலையில் ஏறவில்லை. பிறகு பின்னால் போயிருக்கிறாள் — சுட்டி என்கிற அடுக்கெண் பாடம், அதற்கும் முந்திய பாடம், அதற்கும் முந்தியது. விளங்காத இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். எத்தனை வாரம் இப்படிப் போனதோ தெரியாது; என்னிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது.

"அக்கா, பத்த எத்தன தடவ வெச்சுப் பெருக்குனா நூறு? ரெண்டு தடவ. அந்த ரெண்டுதான் நூறோட மடக்கை. ஆயிரத்துக்கு மூணு. இவ்வளவுதான் அக்கா விஷயம். இதுக்கா நம்மளப் போட்டு இவ்வளவு பயம் காட்டினாங்க?"

பின்னாலேயே இன்னொரு செய்தி: "அட்டவணைப் புத்தகம் ஒன்னு வேணுமே."

அப்படித்தான் ஹாஜியார் கடையில் அந்த லாக் டேபிளைத் தர்ஷிக்கு ஒன்று, விஜிக்கு ஒன்று என்று வாங்கினேன். ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு என்று கேட்டார். ஒன்று குவைத்துக்கு என்றேன். "குவைத்துலயும் இந்தக் கரச்சல் இருக்கா டீச்சர்?" என்று உண்மையான அனுதாபத்தோடு கேட்டார். பண்டாரவளையில் இருந்து போன ஒரு பெண்ணிடம் நெத்தலிக் கருவாட்டுப் பார்சலுக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினேன். புத்தகம் பூராவும் கருவாட்டு வாசமாம். வெயிலில் வைத்தால் போய்விடும் என்றேன்.

"வேணாம் அக்கா, இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன். மேசையில் போன். வழக்கமான கேள்விகள் வரவில்லை.

"தர்ஷி, லாக் ரெண்டையும் லாக் அஞ்சையும் கூட்டினா லாக் ஏழுதானே?"

தர்ஷி தலையை நிமிர்த்தினாள். "என்னாது?"

"லாக் ஏழு. நான் போட்டுப் பாத்தேன்."

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மாவைப் பார்த்தேன்.

"ஏழில்லம்மா, பத்து. மடக்கையக் கூட்டினா உள்ள இருக்கிற எண்ணு ரெண்டும் பெருகும்."

"கூட்டினா எப்பிடிடி பெருகும்?"

"சூத்திரம் அப்பிடித்தான்."

"அதான் ஏன்?"

 தர்ஷிக்குச் சூத்திரம் தெரியும், காரணம் தெரியாது. "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். வைத்தவள் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் போன் வரும் நேரத்துக்கு முன்பாகவே மேசையில் தயாராக இருந்தாள் — அப்படி அவள் காத்திருந்ததை நான் கண்டு வருடங்களாகிவிட்டன.

"நூறுக்கு எத்தன சைபரும்மா?"

"ரெண்டு."

"ஆயிரத்துக்கு?"

"மூணு."

"ரெண்டையும் பெருக்குங்க."

"லட்சம்."

"லட்சத்துக்கு எத்தன சைபர்?"

விஜி உதடு அசைய எண்ணினாள். "அஞ்சு."

"பாத்தீங்களா, நூறையும் ஆயிரத்தையும் பெருக்குறப்ப சைபர் கூடுது. ரெண்டும் மூணும் அஞ்சு. அந்த எண்ணிக்கைதான் மடக்கை."

"அட..." என்றாள் விஜி.  பிறகு, "ஆனா ரெண்டுக்கும் அஞ்சுக்கும் சைபரே இல்லியே?"

"அதுக்குத்தான் அட்டவண. ஒன்னோட மடக்கை சைபர், பத்தோட மடக்கை ஒன்னு. நடுவுல உள்ளதுக்கு நடுவுல வரும். எடுத்துப் பாருங்க."

அங்கே பக்கம் புரளும் சத்தம் கேட்டது. இரண்டுக்கு தசம் மூன்று பூச்சியம் ஒன்று பூச்சியம். ஐந்துக்கு தசம் ஆறு ஒன்பது ஒன்பது பூச்சியம். விஜி வாய்விட்டுக் கூட்டினாள். ஒன்று. மிச்சம் மீதி இல்லாமல் ஒன்று.

"அச்சொட்டா வருதுடி" என்றாள். அவள் சொன்ன விதத்தில் தர்ஷி சிரித்துவிட்டாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

நாம் பிள்ளைகளிடம் எப்போதும் பதில் தெரிந்த கேள்விகளைத்தான் கேட்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? சாப்பிட்டியா, படிச்சியா, குளிச்சியா. பதில் தெரியாமல், பதில் வேண்டும் என்று, கடைசியாக எப்போது கேட்டோம்?

பேச்சு நீண்டது. மடக்கையோடு மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது. டியூஷன் மாஸ்டரின் சட்டையில் ஒரு பட்டன் இல்லை. முன் வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பார்த்து எழுதுகிறாள். சிநேகிதி ஒருத்தி கதைப்பதில்லை, ஏன் என்று தெரியவில்லை... எனக்குச் சொல்லாத சங்கதிகள்கூட அதில் இருந்தன. போன் என் கைக்கு வருவது நின்றுபோனது. கடைசியில் திரையை என் பக்கம் திருப்பி, "பெரியம்மாவுக்கு பாய் சொல்லுங்க" என்பாள். நான் மாக் கையை ஆட்டுவேன்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? பட்டேன். பட்டுக்கொண்டே ரொட்டியைக் கருக்கினேன்.

சமன்பாடுகள் வந்த காலத்தில் ஒரு கணக்கு இருவரையும் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. ஒரு எண்ணின் மடக்கையையும், அதைவிட மூன்று குறைந்த எண்ணின் மடக்கையையும் கூட்டினால் ஒன்று. அந்த எண் எது? விஜி குவைத்தில் இருந்து விடையோடு வந்தாள். ஒரு விடை அல்ல, இரண்டு.

"அஞ்சு. இன்னொன்னு மைனஸ் ரெண்டு."

"அஞ்சு சரி. மைனஸ் ரெண்டத் தள்ளிருங்க."

"ஏன் தள்ளணும்? ரெண்டும் ஒரே வழியிலதானே வந்துச்சி. எந்த எடத்துலயும் நான் பிழ விடல."

"வழி சரிதாம்மா. ஆனா மொதல்ல தந்த கணக்குல திரும்பப் போட்டுப் பாக்கணும். பத்த எத்தன தடவ பெருக்குனாலும் மைனஸ் வராது. அதனால மைனஸ் எண்ணுக்கு மடக்கையே கெடையாது. அது அங்க நிக்காது."

விஜி யோசித்தாள். "பாவம்டி அது."

"எண்ணுக்கெல்லாமா பாவம் பாப்பாங்க?" தர்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கும் ஏனோ பாவமாகத்தான் இருந்தது.

விஜியின் ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. மேடம் இருக்கச் சொல்கிறார் என்றாள். பிறகு கேட்டாள்: "நான் வந்துறவா அக்கா?"

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு மூடியைத் துருவி முடித்துவிட்டுத்தான் "வா" என்றேன்.

கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் நிலையத்தில் தர்ஷி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். விட்டுப்போன பிள்ளை நெஞ்சளவு. நிற்கிற பிள்ளை தாயைவிட உயரம். விஜி அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டியவள், எங்கே தொடுவது என்று தெரியாமல் பிள்ளையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கம்மா" என்றாள் தர்ஷி. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுவதைப் போல.

நம்புவீர்களா — போனில் மணிக்கணக்காகக் கதைத்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் வந்ததும் ஊமையாகிவிட்டார்கள். விஜி ஏதாவது கேட்டால் தர்ஷி முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். டீ வேணுமா என்றால் என்னைப் பார்ப்பாள். ஜன்னலைச் சாத்தவா என்றால் என்னைப் பார்ப்பாள். விஜி சொந்தக்காரர்களைப் பார்க்க ஸ்பிரிங்வெளிக்குப் போய் ஒரு நாள் தங்கினாள். அன்று பின்னேரம் அங்கிருந்து போன் வந்தது. பழையபடி இருவரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். மறுநாள் விஜி வாசலில் செருப்பைக் கழற்றியதும் மறுபடி மௌனம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் ஒரு ஆள் அதிகம்.

பாடசாலை விடுமுறை. ஹல்துமுல்லையில் என்னோடு படித்த சிநேகிதி இருக்கிறாள், கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பையை எடுத்தேன்.

"இப்ப எதுக்குப் போறீங்க?" தர்ஷியின் முகம் சுருங்கியது.

"சும்மாதான். அம்மா இருக்காதானே."

ஹல்துமுல்லையில் நான் செய்ததெல்லாம் போனைப் பார்த்தது மட்டும்தான். சிநேகிதி பேசுவாள், நான் போனைப் பார்ப்பேன். வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. அழைக்காமல் இருந்தால்தான் நல்லது என்று வந்தவளே நான்தான். இருந்தாலும் பார்த்தேன்.

இங்கே வீட்டில் நடந்ததை விஜி பிறகு சொன்னாள். காலையில் டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், நிறையச் சீனி போட்டு. சின்ன வயதில் தர்ஷிக்கு அப்படித்தான் வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டாளாம்.

"நான் சீனி போடுறதில்லன்னு தெரியாதா?"

"தெரியாதுடி. நீ சொன்னாத்தானே தெரியும்."

"எப்பிடித் தெரியும்? நீதான் போயிட்டியே."

பிறகு எல்லாம் கொட்டிவிட்டதாம். நான் பெரிய பிள்ளையானப்ப நீ போன்ல பாத்த. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ போன்ல பாத்த. எல்லாரோட அம்மாவும் பெற்றோர் கூட்டத்துக்கு வர்றாங்க, நீ போன்ல இருக்க. விஜி ஒன்றுக்கும் காரணம் சொல்லவில்லை. "ஆமா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் "ஆமா." பிள்ளை ஏசி ஓய்ந்து அழுதபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம். தள்ளிவிடவில்லையாம்.

"அங்க ஏச்சு வாங்குறது வேற அக்கா. இது எம்புள்ள ஏசுனது" என்றாள் என்னிடம். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கின மாதிரி இருந்தது.

நான் திரும்பி வந்த அன்று வாசலிலேயே சத்தம் கேட்டது. பாயில் கொப்பிகள் பரந்து கிடந்தன.

"நீ பிழையாப் போட்டுட்டம்மா."

"இல்லடி, நீ அட்டவணையில ஒரு வரி கீழ பாத்துட்ட."

"எங்க காட்டு."

தர்ஷி என்னைக் கண்டதும் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள். "வாங்க பெரியம்மா, களைச்சிப் போயிட்டீங்க" என்றாள். தாய் இப்போது 'நீ' ஆகிவிட்டாள்; என்னை எப்போதும் அவள் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டேன்.

சாதாரண தரப் பரீட்சை வந்தது. தர்ஷிக்குக் கணிதத்தில் 'பி' கிடைத்தது. ஏ வரவில்லை என்று ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மடக்கைக் கேள்வி முழுக்கச் சரி என்று மட்டும் இன்றுவரை சாதிக்கிறாள்; யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

விஜியையும் பாடசாலைக்குப் போகாமலே வெளிவாரியாக எழுதச் சொன்னேன். "எனக்கு எதுக்கு அக்கா? அதுக்காகவா படிச்சேன்?" என்றாள். இதைத்தான் கடையில் நின்று ஹாஜியாருக்குச் சொல்லத் தெரியவில்லை.

விஜிக்கு எல்ல ஊர்ப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்களோடு அவள் பேசும் ஆங்கிலத்தில் பாதி அரபு என்கிறார்கள். தெமோதரையில் சின்னதாக ஒரு வாடகை வீடு எடுத்தாள். சாமான்களை வேனில் ஏற்றிய அன்று தர்ஷி உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "கிட்டத்தான் பெரியம்மா" என்றாள். கிட்டத்தான். எனக்கும் தெரியும்.

வேன் போனதும் வீட்டைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு ரிப்பன் கிடந்தது. எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். காய்ந்ததும் மடித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

உயர்தர வகுப்புக்கும் தர்ஷி பதுளையில் பழைய பாடசாலைதான். காலையில் ரயிலில் வருகிறாள். பாடசாலை விட்டதும் திரும்பும் ரயில் வரைக்கும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை ஸ்டேஷனில் கழிக்காமல் நேரே என் வீட்டுக்கு வருகிறாள். சப்பாத்தைக் கழற்றாமலே கதவோரத்தில் உட்கார்ந்து, பொரித்த மீனைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டே கதை சொல்கிறாள். சுவர்க் கடிகாரத்தை அவளும் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன். அவள் பார்ப்பது ஒன்றுக்காக, நான் பார்ப்பது இன்னொன்றுக்காக.

பதுளையில் ரயில் பிந்திப் புறப்பட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.